கையிருப்பில் உள்ள குதிரைகள்

புணே நகரில் நமது கிளைக்குச் சென்ற ஆண்டு ஓர் இளம் பொறியாளர் வந்தார். தனிநபர் கடனாக 3 லட்சம் ரூபாய் வேண்டும் என்றார். நோக்கம் என்னவென்று கேட்டோம். சற்றே தயங்கி, ஒரு மதிப்பீட்டுத் தாளை மேசைமேல் வைத்தார். 2006ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரின் என்ஜின் திறனைக் கூட்டுவதற்கான மதிப்பீடு அது. என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றும் ‘ரீமேப்’ வேலைக்கு 50,000, புகைபோக்கி அமைப்புக்கு 60,000, காற்று உள்ளிழுக்கும் அமைப்புக்கு 25,000, பெரிய டர்போவுக்கு 1,65,000 என நான்கு வரிகளில் கணக்கு முடிந்திருந்தது.

அந்தக் காரை வாங்கியவர் அவருடைய தந்தை. அதற்குக் கடன் கொடுத்தது இதே கிளை. 2011ஆம் ஆண்டில் கடைசித் தவணையும் செலுத்தப்பட்டுக் கணக்கு முடிந்துவிட்டது. பணி ஓய்வு பெற்ற தந்தை இப்போது அதிகம் ஓட்டுவதில்லை. மகன் ஓட்ட, பக்கத்து இருக்கையில் அமர்ந்து வருகிறார். அந்தக் காரை விற்க இருவருக்குமே மனமில்லை. ஆனால் இன்றைய புதிய கார்கள் நெடுஞ்சாலையில் தம்மை எளிதாகக் கடந்து செல்வது மகனுக்கு உறுத்தலாக இருந்தது.

நாம் வணிகவியல் படித்தவர்கள். என்ஜின் படித்தவர்கள் அல்லர். எனினும், கடன் கொடுப்பவர் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். எனவே அவரையே ஆசிரியராக்கிச் சில நாள்கள் பாடம் கேட்டோம். நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடமும் விசாரித்தோம். அப்போது விளங்கியவற்றை, பழைய வாகனங்களை நேசிக்கும் நம் வாடிக்கையாளர்களுக்காக, அவருடைய இசைவுடன் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரே என்ஜின், மூன்று திறன்கள்

ஔரங்காபாத் அருகே ஷேந்திராவில் ஸ்கோடா நிறுவனம் 2001ஆம் ஆண்டில் ஆக்டேவியா கார்களை உருவாக்கத் தொடங்கியது. அந்த வரிசையின் ஆர்.எஸ். வகை 2004ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்கு வந்தது. அதன் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் 150 குதிரைத்திறனும் 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. அக்காலத்தில் அது பெரிய செய்தி.

இதே குடும்பத்து 1.8 லிட்டர் என்ஜின் ஐரோப்பிய ஆக்டேவியா ஆர்.எஸ். காரில் 180 குதிரைத்திறன் தந்தது. ஆடி டி.டி. காரின் ஒரு வகையில் 225 தந்தது. அப்படியானால் நமது காரில் மட்டும் 150 ஏன், எஞ்சியதைத் திறந்துவிட்டால் என்ன என்பதே திறன் கூட்ட விரும்புவோர் அனைவரின் கேள்வி.

டர்போ என்பது எளிய தத்துவம். வெளியேறும் புகையின் விசை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப எரிபொருளும் மிகும், திறனும் மிகும். எவ்வளவு அழுத்தலாம் என்பதை என்ஜின் கணினி தீர்மானிக்கிறது. அந்த உச்சவரம்பை உயர்த்துவதுதான் ரீமேப்பின் சாரம். ஒரு திருகைக்கூடத் தொடாமல், சில மணி நேரத்தில், 150 என்பது 185 அல்லது 190 ஆகும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. டர்போ இல்லாத கார்களில் இவ்வளவு எளிதாக இவ்வளவு கிடைக்காது.

ஆனால் தயாரிப்பாளர் 225 குதிரைத்திறன் எடுத்தபோது மென்பொருளை மட்டும் மாற்றவில்லை. பெரிய டர்போவைப் பொருத்தினார். அழுத்தப்பட்டுச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஒன்றுக்குப் பதில் இரண்டை வைத்தார். என்ஜினின் அமுக்க விகிதத்தைக் குறைத்தார். ஒவ்வொரு கூடுதல் திறனுக்கும் எதிராக ஒரு செலவை ஒப்புக்கொண்டார் என்பதே இதன் பொருள்.

ஒதுக்கீடு என்னும் கணக்கு

இந்த இடத்தில்தான் நமக்குப் பழக்கமான ஒரு சொல் உதவிக்கு வந்தது. வங்கிகள் ஈட்டும் இலாபம் முழுவதையும் பங்கிட்டு விடுவதில்லை. வாராக்கடனுக்கும் எதிர்பாராத இழப்புக்கும் ஒதுக்கீடு வைக்கின்றன. காரைத் தயாரிப்பவரும் அவ்வாறே செய்கிறார். 45 பாகை வெயிலில் ஏறும் மலைச்சாலை, தரம் குறைந்த பெட்ரோல், காலம் தவறிய ஆயில் மாற்றம், முரட்டு ஓட்டுநர் எல்லாவற்றையும் எண்ணி, என்ஜின் தாங்கக்கூடியதில் ஒரு பகுதியைக் கையிருப்பில் வைக்கிறார். ரீமேப் புதிய செல்வத்தை உருவாக்குவதில்லை. அந்தக் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவிடுகிறது.

புதிய காரில் அந்தக் கையிருப்பு முழுமையாக இருக்கும். இருபது ஆண்டுகள் ஓடிய காரிலோ ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகியிருக்கும். எவ்வளவு செலவாயிற்று என்பது எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்பட்டிராது. சோதித்தே அறிய வேண்டும்.

இந்த என்ஜினில் வயது தாக்கும் இடங்கள் மெக்கானிக்குகளுக்கு நன்கு தெரிந்தவை. வெப்பத்தில் காய்ந்து வெடிக்கும் ரப்பர் ஹோஸ்கள், பழுதாகும் இக்னிஷன் காயில்கள், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வில் கிழியும் சவ்வு, உரிய காலத்தில் மாற்றாவிட்டால் என்ஜினையே உடைத்துவிடக்கூடிய டைமிங் பெல்ட் ஆகியன அவை. டர்போவின் அச்சு நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழல்கிறது. மெல்லிய ஆயில் படலமே அதைத் தாங்குகிறது. ஆயில் கெட்டியானாலோ அதன் பாதை அடைபட்டாலோ முதலில் பலியாவது டர்போதான். வேகமாக ஓட்டி வந்தவுடன் என்ஜினை அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிட வேண்டும் என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வதன் காரணமும் இதுவே.

எரிபொருளும் ஒரு கணக்கு. அழுத்தம் மிகும்போது, ஆக்டேன் எண் குறைந்த பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து ‘நாக்கிங்’ எனப்படும் தட்டலை உண்டாக்கும். என்ஜினில் உள்ள உணரி அதைக் கண்டுபிடித்துத் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். திறன் குறைந்துவிடும். உயர் ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதப்பட்ட மென்பொருளை வைத்துக்கொண்டு சாதாரண பெட்ரோல் நிரப்புபவர், காகிதத்தில் மட்டுமே 190 குதிரைகளுக்கு உரிமையாளர். 2020ஆம் ஆண்டு முதல் 100 ஆக்டேன் பெட்ரோலும் நம் நாட்டில் விற்கப்படுகிறது. ஆனால் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை, விலையும் மிக அதிகம். மேலும், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை எண்ணி 2006ஆம் ஆண்டின் ரப்பர் குழாய்கள் செய்யப்படவில்லை.

கிளட்ச் 210 நியூட்டன் மீட்டருக்காக வடிவமைக்கப்பட்டது. முறுக்குவிசை பெரிதும் உயர்ந்தால், தேய்ந்த கிளட்ச் வழுக்கத் தொடங்கும். பிரேக்கின் கணக்கு இன்னும் கடுமையானது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்வது. 100 கிலோமீட்டர் வேகத்தை 120 ஆக்கினால் வேகம் 20 விழுக்காடுதான் கூடுகிறது. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ 44 விழுக்காடு கூடுகிறது. அவர் கொண்டுவந்த மதிப்பீட்டின் நான்கு வரிகளிலும் கிளட்ச் இல்லை, பிரேக் இல்லை, டயர் இல்லை.

சட்டமும் காப்பீடும்

தனிநபர் கடனைச் சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தேவைக்கும் பயன்படுத்தலாம். ஆகவே இந்தத் தேவை அவ்வாறு உட்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. மென்பொருள் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பதனால் அது அனுமதிக்கப்பட்டதாகிவிடாது. புகையைத் தூய்மைப்படுத்தும் கருவியை அகற்றிவிட்டுப் பொருத்தப்படும் புகைபோக்கியோ மாசுச் சோதனையிலேயே வெளிப்பட்டுவிடும்.

2006ஆம் ஆண்டின் கார் 2021ஆம் ஆண்டில் 15 ஆண்டுகளை நிறைவு செய்தது. அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வுக்கு உட்படுத்தியே பதிவைப் புதுப்பிக்க முடியும். இவருடைய காருக்கு அடுத்த ஆய்வு 2026ஆம் ஆண்டில். அதில் தேறாவிட்டால் 190 குதிரைகளும் வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

காப்பீடு முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். முக்கிய மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால், விபத்தின்போது சொந்த வாகனச் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்படலாம். மூன்றாம் நபருக்கு இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்திவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாகும் நேர்வுகளும் உண்டு. மேலும், 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரின் காப்பீட்டு மதிப்பு இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. அறிவிக்கப்படாத டர்போவுக்கு அந்த மதிப்பில் இடமில்லை.

கடனின் கணக்கையும் அவர் முன் வைத்தோம். 3 லட்சம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி 12 விழுக்காடு, காலம் 36 மாதம் என்று கொண்டால், மாதத் தவணை 9,964 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 58,700 ரூபாய். இத்தனை செலவும் காரின் மறுவிற்பனை மதிப்பில் திரும்பி வராது. பழைய ஆர்.எஸ். கார்களைத் தேடுவோர் பெரும்பாலும் கைபடாத காரையே விரும்புகின்றனர்.

தந்தை கேட்ட கேள்வி

ஆவணங்களைப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. கடன் 2011ஆம் ஆண்டிலேயே தீர்ந்திருந்தும், பதிவுச் சான்றிதழில் நமது வங்கியின் பெயரிலான ஹைப்பாதிகேஷன் குறிப்பு நீக்கப்படவேயில்லை. வங்கி தந்த படிவம் 35 எங்கோ தவறிப் போயிருந்தது. புதிய படிவமும் தடையில்லாச் சான்றும் தருவதாகச் சொல்லி, தந்தையை நேரில் வரச் சொன்னோம்.

வந்த பெரியவர் மதிப்பீட்டுத் தாளை நிதானமாகப் படித்தார். பிறகு மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “150ஐ 190 ஆக்கப் போகிறாய். இப்போது 150 இருக்கிறதா?”

மகனிடம் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை. இருப்புச் சரிபார்க்காமல் கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறோமே என்று நமக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே காரை ‘டைனோ’ எனப்படும் திறன் அளக்கும் உருளைகளின் மேல் ஏற்றினார் மகன். சக்கரத்தில் அளந்ததை என்ஜின் அளவுக்குக் கணக்கிட்டபோது வந்தது சுமார் 126. நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் சோதித்தார்கள். அவை நன்றாகவே இருந்தன. பின்னர் காற்றுக் குழாய்களுக்குள் புகை செலுத்திக் கசிவைத் தேடினார்கள். வெடித்த ஹோஸ்கள் இரண்டு, சவ்வு கிழிந்த வால்வு, சோர்ந்துபோன ஒரு காயில், அழுக்கேறிய காற்று அளவி ஆகியவை பிடிபட்டன. எல்லாவற்றையும் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே வகை உதிரிகளால் மாற்றினார். டைமிங் பெல்ட், தண்ணீர் பம்பு, கிளட்ச், பிரேக் தட்டுகள், நான்கு டயர்கள் என அடுத்தடுத்து வேலை முடிந்தது. மொத்தச் செலவு 1,35,000 ரூபாய், சேமிப்பிலிருந்தே கொடுத்தார். மீண்டும் டைனோவில் ஏற்றியபோது 147 காட்டியது.

21 குதிரைகள் அவருக்கு உரியவையாகவே இருந்தன. பல ஆண்டுகளாக நிலுவையில் கிடந்தவற்றை அவர் வசூலித்தார், அவ்வளவே. சட்டத்தின் எந்தப் பிரிவும் குறுக்கே வரவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டிய மாற்றமும் ஏதுமில்லை.

பணம் போடுவதற்கு முன்

பழைய டர்போ காரின் திறனைக் கூட்ட எண்ணும் வாடிக்கையாளர்கள் இந்த வரிசையைக் கருத்தில் கொள்ளலாம்:

1. முதலில் டைனோவில் இருப்பை அளந்துகொள்ளுங்கள். சிலிண்டர் அமுக்கத்தையும் காற்றுக் கசிவையும் சோதியுங்கள்.
2. பராமரிப்பு நிலுவைகளை முற்றிலும் தீருங்கள். அதன்பின் மீண்டும் அளந்து பாருங்கள்.
3. டயர், பிரேக், கிளட்ச் மூன்றையும் என்ஜினுக்கு முன்னால் வையுங்கள்.
4. எந்த மாற்றத்துக்கும் முன்னதாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்து மூலம் கேளுங்கள். கடன் நிலுவையில் இருந்தால் வங்கியிடமும் கேளுங்கள்.
5. கடன் தீர்ந்த காருக்குப் படிவம் 35ஐக் கொடுத்து, ஹைப்பாதிகேஷன் குறிப்பை உடனே நீக்கிக்கொள்ளுங்கள்.

மிகை வேகத்துக்கு உரிய இடம் பந்தயத் தடமே. கிரேட்டர் நொய்டா, இருங்காட்டுக்கோட்டை, கோவையை அடுத்த செட்டிப்பாளையம் ஆகிய இடங்களில் அத்தகைய தடங்கள் உள்ளன. அங்கே ஓட்டுவதற்கென்றே ஒரு காரை வைத்திருப்பவரின் கணக்கு வேறு. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காரின் கணக்கு வேறு.

மூன்று மாதங்கள் கழித்துப் புதிய பதிவுச் சான்றிதழைக் காட்டுவதற்காகத் தந்தையும் மகனும் கிளைக்கு வந்தார்கள். அதில் நமது வங்கியின் பெயர் இல்லை. 3 லட்சம் ரூபாய்க் கடன் ஒன்று நமது கணக்கில் சேராமல் போயிற்று. அதில் நமக்கு வருத்தமில்லை. ரீமேப் மதிப்பீட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். கோப்பில்தான் இருக்கிறது என்று மகன் சிரித்தார். மும்பை நெடுஞ்சாலையில் லோனாவளா ஏற்றத்தில் கார் முன்போல் இழுக்கிறது என்று பெரியவர் சொன்னார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அன்று ஓட்டியவர் அவரே.