மீன்களுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

விவாகம் நிச்சயிப்பதற்கு முன் நம் வீடுகளில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவதானாலும், வருகிறவர் யார், குடும்பம் பெரிதா சிறிதா, சண்டைக்காரர்களா சாதுக்களா என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகே சாவியைக் கொடுக்கிறோம். ஆனால் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, அதில் கடல் மீன்களைக் குடியேற்ற விரும்பும் அன்பர்கள் மட்டும், கடைக்குச் சென்று, கண்ணுக்கு எது அழகாய்த் தோன்றுகிறதோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சில தினங்களில் ஒன்று மற்றொன்றைத் துரத்தித் துரத்திக் கொன்றுவிடுகிறது. இன்னொன்று பட்டினியால் மெலிந்து மடிகிறது. பிறகு, "கடல் மீன் நமக்கு ராசியில்லை" என்று சொல்லித் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். ராசியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பொருத்தம் பார்க்காததே குற்றம்.

நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவர்கள் இதைச் சிறு விஷயமாக எண்ணக்கூடும். தங்கமீனைச் சீன தேசத்தார் சுமார் ஆயிரம் வருஷங்களாக வளர்த்து வருகிறார்கள். மனிதனுடன் வாழ்வது அதற்குப் பரம்பரைப் பழக்கம். பவளப் பாறையில் வாழும் மீனின் கதை வேறு. கடைக்கு வருகிற கடல் மீன்களில் பெரும்பாலான இனங்கள் இன்றும் சமுத்திரத்திலிருந்தே பிடித்துக் கொண்டுவரப்படுகின்றன. அவற்றுள் ஒன்று நம் கூடத்தில் மாண்டால், அதற்கு ஈடாக வேறொன்று பாறையிலிருந்து பிடிக்கப்படும். ஆகவே, எதை வாங்குவது என்பதைக் காட்டிலும், எதைக் கடலிலேயே விட்டுவிடுவது என்று அறிந்துகொள்வதே இக்கலையின் முதற் பாடம்.

இந்தப் பாடத்தை ஆங்கிலேயர்கள் காலம் கடந்தே கற்றார்கள். லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் 1853-ஆம் ஆண்டு பொதுமக்களுக்கென்று ஒரு மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அதற்குத் துணை நின்றவர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை நூல் அறிஞர். மறு வருஷம் அவர் வெளியிட்ட புத்தகத்தைப் படித்தவர்கள் வாளியும் வலையுமாகக் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். அவருடைய குமாரர் எட்மண்ட் காஸ் 1907-ல் எழுதிய நூலில், தம் தந்தையார் கண்டு மகிழ்ந்த கரையோரப் பாறைச் சுனைகள் சேகரிப்பவர்களின் கையில் சூறையாடப்பட்டு வெறுமையாகிவிட்டதை மனம் வருந்திக் குறிப்பிட்டிருக்கிறார். கடலின் பகைவர்கள் அல்லர் அவற்றை அழித்தது. கடலின் அழகில் மயங்கியவர்களே அழித்தார்கள்.

முதலில் வீடு

குடித்தனக்காரர் வருவதற்கு முன் வீடு தயாராக வேண்டும். இரண்டரை அடி நீளமும், அகலமும் உயரமும் ஒன்றேகால் அடியுமாக உள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணலும் கல்லும் போக அதில் ஏறக்குறைய 100 லிட்டர் ஜலம் நிற்கும். லிட்டருக்கு 35 கிராம் வீதம், கடல் நீருக்கென்று தயாரித்து விற்கப்படும் உப்பைக் கரைக்க வேண்டும். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல் நீரில் மக்னீஷியம், கால்ஷியம் முதலிய பல தாதுக்கள் கலந்திருக்கின்றன.

தொட்டியிலுள்ள ஜலம் ஆவியாகிக் குறையும்போது உப்பு குறைவதில்லை. ஆதலால் குறைந்த அளவிற்கு நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறிவிடும். வெப்பம் 25 டிகிரி முதல் 27 டிகிரி வரை இருப்பது நலம். சித்திரை வெயிலில் சென்னையில் இது எளிதன்று. நீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி ஒரு சிறு மின்விசிறியை வைத்தால், மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே முறையில் தொட்டியும் சற்றுக் குளிரும்.

மிக முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் விஷம் உண்டாகிறது. ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் விஷமே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதனை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்தக் கண்ணுக்குத் தெரியாத தோட்டிகள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரையில் தொட்டியில் மீன் விடலாகாது. ஜலத்தைச் சோதிக்கும் மருந்துகள் கடைகளில் கிடைக்கின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லை என்று அவை காட்டிய பிறகே பொருத்தம் பார்க்கத் தொடங்கலாம்.

நான்கு பொருத்தங்கள்

பத்துப் பொருத்தம் வேண்டாம். மீன்களுக்கு நான்கு போதும்.

முதலாவது, உருவப் பொருத்தம். கடையில் காணும் மீன் பெரும்பாலும் குஞ்சு. 2003-ல் வெளிவந்த "ஃபைண்டிங் நீமோ" என்ற திரைப்படத்தைப் பார்த்த குழந்தைகள் விரும்பிக் கேட்கும் நீல டாங் மீன், கடையில் இரண்டு அங்குலம் இருக்கும்; முழு வளர்ச்சியில் ஓர் அடியை எட்டிவிடும். பாறைகளின் மேல் நெடுந்தூரம் நீந்தித் திரியும் அந்த ஜீவனை இரண்டரை அடித் தொட்டியில் அடைப்பது, குதிரையைக் கோழிக் கூண்டில் கட்டுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, வாய்ப் பொருத்தம். ஒரு மீனின் வாய்க்குள் எது நுழையுமோ அது அதற்கு உணவு. இதில் தயை தாட்சண்யம் கிடையாது. சிங்க மீன் விசிறி போன்ற துடுப்புகளை விரித்துக்கொண்டு அசைவற்று நிற்பதைக் கண்டு சாது என்று நம்புகிறவர்கள், மறுநாள் காலையில் சிறு மீன்களைக் காணாமல் திகைப்பார்கள். போதாக்குறைக்கு அதன் முட்களில் விஷமும் உண்டு.

மூன்றாவது, ஆகாரப் பொருத்தம். சில மீன்களின் நாக்கு மிகவும் கண்டிப்பானது. பட்டாம்பூச்சி மீன்களில் பல வகை, உயிருள்ள பவளப் பூச்சிகளைத் தவிர வேறெதையும் தொடா. சித்திரப் பட்டாடை உடுத்தியது போன்ற மாண்டரின் மீன், கல்லிடுக்கில் ஊரும் மிக நுண்ணிய ஜந்துக்களை நாள் முழுவதும் பொறுக்கித் தின்னும். சிறு தொட்டியில் அவை விரைவில் தீர்ந்துவிடும். பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு மீனுக்கும் இங்கே பிழைப்பு இல்லை. இவற்றை வாங்குவது பட்டினி போடுவதற்கு விலை கொடுப்பதாகும். கடற்குதிரை மெல்ல மெல்ல உண்பது. மற்றவை கொத்திக்கொண்டு போனபின் அதற்கு எதுவும் மிஞ்சாது. மேலும் நம் நாட்டில் கடற்குதிரைகளை 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காத்து வருகிறது. அவற்றைக் கடலிலிருந்து பிடிப்பது குற்றம்.

நான்காவதும் கடினமானதும், குணப் பொருத்தம். ஆஸ்திரிய தேசத்து அறிஞர் கான்ராட் லோரென்ஸ் (1973-ல் நோபல் பரிசு பெற்றவர்) பவளப் பாறை மீன்களைக் கவனித்து 1963-ல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்ட உண்மை யாதெனில், இம்மீன்கள் அந்நியரைக் காட்டிலும் தம் இனத்தாரையே அதிகமாகப் பகைக்கின்றன என்பதாம். ஒரே உணவுக்கும் ஒரே பொந்துக்கும் போட்டியிடுவது தன் இனந்தானே! பளிச்சென்ற வர்ணங்களுக்கு அவர் கூறிய காரணத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆயினும் தொட்டி வளர்ப்பவருக்கு இவ்விதி பெரிதும் பயன்படும்: ஒரே இனத்தில் இரண்டு வேண்டாம், ஜோடியாக வாழும் இனம் ஒன்றே விலக்கு. நிறத்திலும் வடிவிலும் ஒத்த இரண்டும் வேண்டாம்.

குணத்தில் மிகவும் ஏமாற்றுவது டாம்ஸல் என்னும் சிறு மீன். விலை மலிவு, உடல் உறுதி, நிறம் அழகு. கடலில் தப்பியோட இடம் உண்டு, தொட்டியில் இல்லை. கருநிறத்தில் மூன்று வெண்புள்ளிகள் உடைய டாம்ஸல், வளர்ந்தபின் தொட்டி முழுவதையும் தன் ஜமீனாகப் பாவித்து, பின்னர் வருகிற எவரையும் வாழ விடாது.

ஐவர் கொண்ட ஒரு குடித்தனம்

வேண்டாதவர்களைச் சொன்னோம். வேண்டியவர்கள் யார்? 100 லிட்டர் தொட்டிக்கு ஐந்து சிறு மீன்கள் போதும்.

நடுவீட்டிற்கு ஒரு ஜோடி கோமாளி மீன். ஆரஞ்சு நிற உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் உள்ள இது, அந்தமான் தீவுகளைச் சூழ்ந்த கடலிலும் காணப்படுகிறது. நாலு அங்குலத்திற்கு மேல் வளர்வது அரிது. கடல் சாமந்தியின் கொட்டும் இதழ்களுக்கிடையே அது வாழும் அதிசயம் பிரசித்தமானது. ஆயினும் தொட்டியில் கடல் சாமந்தி இல்லாமலே அது சுகமாக வாழும். இக்குடும்பத்தின் வழக்கம் விசித்திரமானது. குஞ்சுகள் யாவும் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. அடுத்தது அதன் கணவன். ஆகவே இரண்டு குஞ்சுகளை ஒன்றாக வாங்கினால் ஜோடி தானே அமையும். மூன்றாவது ஒன்றைச் சேர்த்தால் அதற்கு அடியும் உதையுமே கிடைக்கும்.

அடித்தளத்திற்கு ஒரு மஞ்சள் உளுவை. கூடவே ஒரு பிஸ்டல் இறாலையும் விடலாம். இறாலுக்குப் பார்வை மந்தம், வளை தோண்டுவதில் சமர்த்து. உளுவைக்குத் தோண்டத் தெரியாது, பார்வை கூர்மை. இறால் மண்ணை வாரிக் கொட்டும். உளுவை வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் உணர்கொம்பை உளுவையின் மேல் வைத்துக்கொள்ளும். ஆபத்தென்றால் உளுவை வாலை அசைத்தவுடன் இருவரும் வளைக்குள் மறைவர். இவர்களை வைப்பவர்கள் கற்களை மணலின் மேல் அடுக்காமல் தொட்டியின் தரையிலேயே அழுத்தமாக அமைக்க வேண்டும். இல்லையேல் தோண்டத் தோண்டக் கல் சரியும்.

மேல் மாடிக்கு ஒரு பயர்பிஷ். முன்பாதி வெண்மை, பின்பாதி செந்தழல், முதுகில் கொடிபோல் நீண்ட ஒரு துடுப்பு. யாரையும் துன்புறுத்தாது, அச்சம் மிகுந்தது. பயந்தால் தொட்டிக்கு வெளியே துள்ளிவிடும். ஆகையால் தொட்டிக்கு வலைமூடி அவசியம்.

ஐந்தாவது, பாங்காய் கார்டினல். இந்தோனேஷியாவில் சுலவேசிக்குக் கிழக்கேயுள்ள பாங்காய் தீவுகளே இதன் தாயகம். வெள்ளி உடலில் கருங்கோடுகளுடன் நிதானமாக நிற்கும். ஆண் மீன் முட்டைகளை வாயில் சுமந்து, குஞ்சு பொரித்த பின்னும் சில நாள் வாயிலேயே வைத்துக் காக்கிறது. கண்காட்சிக்கென்று அளவுக்கு மீறிப் பிடித்ததால், சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2007-ல் இதை அழியும் அபாயத்திலுள்ள இனமாகக் குறித்தது. எனவே பண்ணையில் பிறந்ததாக இருந்தாலொழிய இதை வாங்கக் கூடாது. கிடைக்காவிட்டால் நால்வரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வரிசையும் காத்திருத்தலும்

முதலில் வருகிறவன் வீட்டைத் தனதென்று நினைப்பது மீனுக்கும் இயல்பு. எனவே பயந்த சுபாவமுள்ள பயர்பிஷும் உளுவையும் முதலில் வரவேண்டும், அடுத்து கார்டினல், கோமாளிகள் கடைசியில். ஒவ்வொரு வருகைக்கும் இடையே சில வாரங்கள் விடுவது, தோட்டிகளான நுண்ணுயிர்கள் பெருகுவதற்கும் அவகாசம் தரும். புதிய மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது உத்தமம். வெண்புள்ளி நோய் உள்ள ஒரு மீன் போதும், வீட்டிலுள்ள அனைவரையும் கொண்டுபோக.

எங்கே பிறந்தது?

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி இதுவே. 1960-களில் பிலிப்பைன் தீவுகளில் ஒரு கொடிய வழக்கம் தொடங்கியது. பாறை இடுக்கில் சயனைடு விஷத்தைப் பீய்ச்சி, மயங்கிய மீனைக் கையால் எடுப்பார்கள். மீனில் பல பின்னர் மடியும். சுற்றியிருந்த பவளமும் மடியும். பண்ணையில் பிறந்த மீனுக்கு இந்தப் பாவம் இல்லை. அது வறண்ட உணவையும் உண்ணப் பழகியிருக்கும், தொட்டியை அறிந்திருக்கும்.

அத்தகைய மீன் வளர்ப்பு நம் கரையிலேயே கைகூடியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. தேசம் விடுதலை பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1947 பிப்ரவரியில் அமைக்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மண்டபத்திலுள்ள தன் கிளையில் கோமாளி மீன்களை முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்க்கும் முறையைக் கண்டறிந்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் பரங்கிப்பேட்டையில் இதே காரியத்தைச் சாதித்திருக்கிறார்கள்.

மண்டபத்திற்கு எதிரே தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள் மன்னார் வளைகுடாவில் நிற்கின்றன. 1986-ல் அவை கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள உயிர்ப் பவளத்தைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம். தொட்டிக்கு வேண்டிய கல்லைச் சுட்ட மண்ணாலும் சிமெண்டாலும் செய்து கொள்ளலாம். நுண்ணுயிர்கள் அதிலும் மறுக்காமல் குடியேறும்.

ஐந்து மீன்கள்தாமா என்று வீட்டிலுள்ள குழந்தைகள் கேட்பார்கள். சில மாதங்கள் சென்றபின், கோமாளி மீன் ஒரு கல்லின் மேல் முட்டையிட்டு, ஆண் மீன் ஏழெட்டு நாள் அல்லும் பகலும் துடுப்பால் விசிறிக் காவல் இருப்பதை அவர்களுக்குக் காட்டுங்கள். இருபது மீன்கள் நெருக்கியடிக்கும் தொட்டியில் இந்தக் காட்சி கிடைக்காது. குறைவாக வைத்தவருக்கே கடல் தன் குடும்பக் கதையைச் சொல்லும்.