வீட்டை இடிக்க வேண்டா

திறவுகோல் தொலைந்தது என்று வீட்டை இடித்துக் கட்டுவார் இலர். ஆயினும், கணினி தொடங்க மறுத்தால், உள்ளவற்றை எல்லாம் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவோர் பலர். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸால் இயங்கும் கணினிகளில், இவ்வழிவு பெரும்பாலும் தேவையற்றது.

மின்விசையை இட்டதும், கணினியின் நிலைபொருள் விழித்தெழுந்து தொடக்கி நிரலை அழைக்கிறது. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் அந்நிரலின் பெயர் கிரப் என்பதாகும். அது கெர்னல் என்னும் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் வட்டினை அணுகி, ஏனைய பணிகளைத் தொடங்கி வைக்கிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணினி நின்றுவிடும். ஆனால், வட்டிலுள்ள கோப்புகள் பெரும்பாலும் அழியாமலே இருக்கும்.

அறுந்த கண்ணி எது என்பதற்குத் திரையே குறிப்புத் தரும். கிரப்பின் பிழைச்செய்தியோடு நின்றால், குறை தொடக்கியில் இருக்கலாம். புதிய கெர்னல் நிறுவிய பின் இடர் நேர்ந்தால், கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தெரிந்தெடுத்துப் பார்க்கலாம்.

இவை பயன்படாவிடின், யூ.எஸ்.பி. நினைவியிலுள்ள மற்றொரு லினக்ஸைக் கொண்டு கணினியைத் தொடங்குதல் வேண்டும். முதற்கண் அரிய கோப்புகளை வேறு வட்டில் படியெடுத்தல் நன்று. பின்னர்ப் பழைய லினக்ஸ் உள்ள வட்டுப்பகுதியை இணைத்து, சிரூட் என்னும் கட்டளையால் அதனுள் புகுந்து, கிரப்பை மீண்டும் நிறுவலாம். பிழைபட்ட அமைப்புக் கோப்பைத் திருத்தலாம்.

நோயை அறியாது செய்யும் மருத்துவம் உடலைக் கெடுக்கும். காரணத்தை ஆராய்ந்து, குறையை மட்டும் களைவதே அறிவுடைமையாகும்.