துளியும் துளியும் மோதினால்...

இரண்டு நீர்த்துளிகள் மோதிக்கொண்டால் என்ன ஆகும்? ஆரம்பப்பள்ளி மாணவனைக் கேட்டாலும், "சேர்ந்து ஒரே துளியாகிவிடும்" என்று தயங்காமல் சொல்வான். அது பாதி உண்மைதான். மோதும் துளிகள் சில வேளைகளில் ரப்பர் பந்துகளைப் போல எகிறி, தத்தம் வழியில் போய்விடுகின்றன. இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன் என்று கேட்கலாம். சாலையில் நமக்கு முன்னால் போகும் பழைய லாரி கக்குகிறதே கரும்புகை, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றுக்குள் நுண்ணிய துளைகள் வழியாக டீசல் பீய்ச்சப்படுகிறது. அது துளிகளாகச் சிதறி, ஆவியாகி, காற்றோடு கலந்து தானே பற்றிக்கொள்கிறது. ஒரு மில்லிலிட்டர் டீசலை 20 மைக்ரான் குறுக்களவுள்ள துளிகளாக உடைத்தால் ஏறக்குறைய 240 மில்லியன் துளிகள் கிடைக்கும். நெருக்கியடித்துப் பாயும் இவை மோதாமல் இருக்குமா?

சம அளவுள்ள இரு துளிகள் இணைந்தால் குறுக்களவு 26 விழுக்காடுதான் கூடும். ஆனால், அதே வெப்பத்தில் அந்தத் துளி ஆவியாக எடுக்கும் நேரமோ ஏறக்குறைய 60 விழுக்காடு கூடிவிடும். காற்றோடு சரியாகக் கலக்காத எரிபொருள் அரைகுறையாக எரிந்து கரியாகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012ஆம் ஆண்டு அறிவித்தது. ஆகவே, துளியின் அளவு நம் நுரையீரலைத் தொடும் விஷயம்.

இடையில் நிற்கும் காற்று

துளிகள் ஏன் சில வேளை ஒட்டுவதில்லை? இரண்டுக்கும் இடையே மெல்லிய காற்றுப்படலம் சிக்கிக்கொள்கிறது. எரிபொருள் துளிகள் மெதுவாக நெருங்கினால் அந்தக் காற்று நழுவி வெளியேற நேரம் கிடைக்கும், துளிகள் இணையும். சற்று வேகமாக வந்தால் காற்று வெளியேறுமுன் துளிகள் தட்டையாகி, எகிறிவிடும். இன்னும் வேகம் கூடினால் காற்று பிதுக்கப்பட்டு மீண்டும் இணைப்பு நடக்கும். வேகம் எல்லை மீறினால், இணைந்த துளி தாங்காமல் மறுபடியும் பிளந்துவிடும். நேருக்கு நேர் மோதாமல் ஓரமாக உரசிய துளிகளோ நீண்டு இழுபட்டு, அறுந்து பிரிந்துவிடும்.

இந்த ஐந்து விளைவுகளையும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் படங்களோடு வகைப்படுத்தினார்கள். சுற்றியுள்ள வாயுவின் அழுத்தம் கூடினால் துளிகள் எகிறுவதும் கூடும் என்பதையும் காட்டினார்கள். இயந்திரத்திற்குள் இருப்பதும் உயர் அழுத்தம்தானே!

இதற்கெல்லாம் நெடுநாளைய முன்னோடி இங்கிலாந்தின் ரேலி பிரபு. எகிறிப் போகும் நீர்த்துளிகளைச் சிறிதளவு மின்சாரமே இணைத்துவிடுவதை அவர் 1879இலேயே எழுதி வைத்தார்.

கணினியில் பகடை

சரி, ஒவ்வொரு துளியையும் கணினியில் பின்தொடர முடியுமா? முடியாது, எண்ணிக்கை அவ்வளவு. எனவே, ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான துளிகளை ஒரு பொட்டலமாகக் கருதுகிறார்கள். இயந்திரத்தின் உட்பகுதியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரே கட்டத்தில் இருக்கும் பொட்டலங்கள் மோதுமா, மோதினால் சேருமா என்பதை நிகழ்தகவுக் கணக்குப் போட்டு, பகடை உருட்டுவதுபோல் முடிவு செய்கிறார்கள். 1981இல் பீட்டர் ஓரூர்க் வகுத்த இந்த வழி, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் 'கீவா' மென்பொருளில் இடம்பெற்று உலகெங்கும் பரவியது.

ஆனால், அதில் ஒரு குறை இருந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும் பொட்டலங்கள் எவ்வளவு நெருங்கி இருந்தாலும் மோதாது என்று கணினி கருதியது. கட்டத்தின் அளவை மாற்றினால் துளியின் அளவும் மாறியது. ஒரே இயந்திரம், ஒரே டீசல், விடை மட்டும் வேறு! இயற்கை நம் கட்டங்களைப் பார்த்தா நடந்துகொள்கிறது? 2000ஆம் ஆண்டில் ஷ்மிட், ரட்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், வாயு மூலக்கூறுகளுக்கான கணக்கு முறை ஒன்றைத் தழுவி, வேகமான புதிய வழியைத் தந்தார்கள். மோதலைக் கணக்கிடுவதற்கென்றே தனிக் கட்டங்களை அமைக்கும் வழியும் அதன் பின் வந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கணினி வண்ணப்படத்தோடு விடை தந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கட்டத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உண்மையான துளிகளோடு ஒப்பிட வேண்டும். "இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?" என்று வீட்டில் பிள்ளை கேட்டால், சாலையில் போகும் லாரியைக் காட்டுங்கள். அதன் புகையைக் குறைப்பவர்களின் கையில் இருப்பதும் அதே கணக்குத்தான்.