டிஎன்எஸ்: யாரிடம் வழி கேட்பது?

பாளையங்கோட்டையில் ஒருவர் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தைத் திறக்கிறார். 'திருநெல்வேலி டாட் என்ஐசி டாட் இன்' என்ற பெயர் மட்டும் இருந்தால் கணினிக்குப் போதாது. அந்தத் தளம் இருக்கும் இடத்தின் எண் வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு இது.

அதை யாரிடம் கேட்பது என்பது நம் கையில் இருக்கிறது. ரூட்டரில் எதையும் மாற்றாவிட்டால், பெரும்பாலும் இணைப்பு தரும் நிறுவனத்தின் சர்வர்தான் பதில் சொல்லும். அருகில் இருப்பதால் பதில் விரைவாக வரும். ஆனால் அது திணறும் நாளில், ரூட்டரில் விளக்கு எரியும், எந்தப் பக்கமும் திறக்காது.

அப்போது கைகொடுப்பவை பொது சர்வர்கள்: 2009-ல் வந்த கூகுளின் 8.8.8.8, 2018-ல் வந்த கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, மோசடித் தளங்கள் எனத் தெரிந்தவற்றுக்கு எண் தர மறுக்கும் குவாட்9-இன் 9.9.9.9. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெற்றோர் மட்டும் போனில் வங்கிக் கணக்கைப் பார்க்கும் வீடுகளுக்கு நான் குவாட்9-ஐயே சொல்வேன்.

பெரிய நிறுவனம் என்பதற்காக ஒன்றையே நம்பிவிடவும் கூடாது. 2025 ஜூலை 15 அதிகாலை, நம் நேரப்படி 3.22 முதல் ஒரு மணி நேரம் 1.1.1.1 உலகின் பல பகுதிகளில் முடங்கியது. அதனால் ரூட்டரின் டிஎன்எஸ் அமைப்பில் இரண்டாவது கட்டத்தில் வேறொரு நிறுவனத்தின் எண்ணை இடுவது நல்லது. குவாட்9 வைத்தால் மட்டும் அதன் இன்னொரு எண்ணான 149.112.112.112-ஐயே இட வேண்டும். இரண்டில் எதை எப்போது கேட்பது என்பதைக் கருவியே முடிவு செய்வதால், வேறு எண் இருந்தால் மோசடித் தளம் அந்த வழியாகத் திறந்துவிடும்.

மூன்றாவது வழி, நம் இடத்திலேயே சர்வர் வைப்பது. நெல்லைக் கால்வாய்த் தண்ணீரை நயினார்குளம் தேக்கி வைப்பதைப் போல, ஒருமுறை வந்த பதிலை இது குறித்த காலம் வரை வைத்திருந்து அடுத்தவருக்கும் கொடுக்கும். சிறிய ராஸ்பெரி பை கணினியும் பை-ஹோல் மென்பொருளும் போதும், விளம்பரங்களும் குறையும். நாற்பது கணினிகள் உள்ள பள்ளி ஆய்வகத்துக்கு இது அருமை. பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டுக்கு வேண்டாம். அந்தப் பெட்டி நின்றால் வீட்டின் இணையமே நின்றதுபோல் ஆகிவிடும்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பதில் சொல்பவருக்கு நாம் கேட்ட பெயரெல்லாம் தெரியும். நடுவழியில் இருப்பவர் பார்ப்பதையாவது தடுக்கலாம். அதற்கென ஆண்ட்ராய்டு 9 முதல் போன் அமைப்புகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது. அங்கே எண்ணுக்குப் பதில் பெயரை இட வேண்டும். குவாட்9 என்றால் 'டிஎன்எஸ் டாட் குவாட்9 டாட் நெட்'.