உங்களுக்குத் தெரியுமா? காலைக் காப்பாற்றும் முதுகுச் சதை

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் பாறையைப் பற்றி உடம்பை மேலே இழுக்கும்போது உழைப்பது, அக்குளிலிருந்து இடுப்புவரை விரிந்திருக்கும் லாட்டிசிமஸ் டார்சை. நம் உடம்பின் மிக அகலமான தசை இதுதான்.

சாலை விபத்தில் சதை பிய்ந்து எலும்பு வெளியே தெரிந்தால், அதன்மேல் வெறும் தோலை ஒட்டினால் பிடிக்காது. ரத்த ஓட்டமுள்ள சதை வேண்டும். இந்தத் தசைக்கு முக்கிய ரத்த வழி அக்குள் பக்கமிருந்து வருகிறது. மார்புக் காயமென்றால் அந்தக் குழாயை வெட்டாமலே தசையைத் திருப்பி வைத்துவிடலாம். 1906-இல் இத்தாலிய மருத்துவர் இகினியோ தன்சினி, மார்பகம் அகற்றிய இடத்தை இப்படித்தான் மூடினார்.

கால் என்றால் வேலை கடினம். தசையை முழுதாக எடுத்து, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ரத்தக்குழாய்களை நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் காலின் குழாய்களோடு தைக்க வேண்டும். முதல் சில நாள் இரவும் பகலும் வைத்த சதையின் நிறம் பார்ப்பார்கள். கறுத்தால் உடனே மறு அறுவை. விபத்தில் இப்படிச் சிதைந்த காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்க, கோவை கங்கா மருத்துவமனை உருவாக்கி 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை உதவுகிறது. நமக்கெல்லாம் பெருமை அது!

தசை போன பிறகு தோளின் மற்றத் தசைகள் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். ஊன்றுகோலை நம்பி நடப்பவர்களுக்கு மட்டும் மருத்துவர்கள் கூடுதலாக யோசிப்பார்கள்.