கப்பலில் ஏழு நாள்: பெரிய பெட்டி இருக்கட்டும், சின்னப் பையைக் கவனிங்க!

வைகையில் தண்ணீர் வந்தாலே ஏ.வி. பாலத்தில் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் மதுரை. அந்த ஊரில், பசுமலை அடிவாரத்தில் ஒரு வீட்டு ஹால் முழுக்க இப்போது கப்பல் பயணத்துக்கான சாமான்கள் பரப்பிக் கிடக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் சேர்ந்து கொடுத்த பரிசு. சிங்கப்பூரில் ஏறி, மலேசியா, தாய்லாந்து துறைமுகங்களைத் தொட்டுவிட்டு, ஏழு இரவுகள் கழித்து மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்க வேண்டும்.

சோபாவில் நான்கு பட்டுப்புடவை. டீப்பாயில் இஸ்திரிப் பெட்டி, எலெக்ட்ரிக் கெட்டில், காமாட்சி விளக்கு, கற்பூர டப்பா, புளிக்காய்ச்சல் பாட்டில், கசகசா பொட்டலம். சாரின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மட்டும் வெளியே காணோம். அவை பெரிய சூட்கேஸின் அடியில், துண்டில் சுற்றிப் பத்திரமாக இருக்கின்றன.

சிக்கலே இதுதான். டீப்பாயில் இருப்பதில் பெரும்பாலானவை கப்பலில் ஏறாது. சூட்கேஸின் அடியில் இருப்பது, வேண்டிய நேரத்தில் கைக்கு வராது.

அன்று பாய், தகரப் பெட்டி

கடல் பயணம் நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலைக் கேள்விப்படாத பழைய மலேயாக் குடும்பம் இருக்காது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை அது போய் வந்தது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்துக்காரர்கள் நாகப்பட்டினத்துக்குப் போய்க் கப்பலேறுவார்கள். கேபினுக்குக் காசில்லாதவர்கள் ‘டெக்’ பயணிகள். பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கடல் காற்றில் படுக்க வேண்டியதுதான். ஊறுகாய், பொடி, அவல் என்று கெடாத பண்டமெல்லாம் கூடவே போகும். பெட்டி பக்கத்திலேயே இருந்ததால், எதை எங்கே வைத்தோம் என்ற கவலை அவர்களுக்கு இல்லை.

இப்போது உல்லாசக் கப்பல். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘கார்டிலியா’ கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்த பிறகு, “நாமளும் ஒரு தடவை போனா என்ன?” என்று நம் நடுத்தர வீடுகளிலும் பேச்சு எழ ஆரம்பித்தது. ஹோட்டல் ஒன்று கடலில் மிதந்து போவது மாதிரிதான். ஆனால், ஹோட்டலில் இல்லாத ஒரு வழக்கம் கப்பலில் உண்டு. பயணியையும் பெட்டியையும் இரண்டு முறை பிரித்துவிடுவார்கள்.

பெட்டி காணாமல் போகும் நேரம்

துறைமுகத்துக்குள் நுழைந்ததுமே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஸ்கேன் செய்து, தளம் தளமாகப் பிரித்து, அறைக் கதவு வாசலில் கொண்டுவந்து வைக்க நேரமாகும். இரண்டு மணி நேரத்திலும் வரலாம், இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வரலாம். மதியம் கப்பலேறியவருக்குச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை பெட்டிக்குள் இருந்தால், எதிரே நாற்பது வகைச் சாப்பாடு இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்.

அதனால், தோளில் மாட்டும் சின்னப் பைதான் இந்தப் பயணத்தின் உண்மையான பெட்டி. அதை முதலில் அடுக்கிவிட்டுத்தான் சூட்கேஸைத் திறக்க வேண்டும். பாஸ்போர்ட், டிக்கெட், ஒரு செட் மாற்றுடை, மூக்குக் கண்ணாடி, சார்ஜர், நகை, பணம். எல்லாவற்றுக்கும் மேலாக மருந்து.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் கஞ்சத்தனம் இல்லாமல் இருப்பது நல்லது. ஏழு நாளுக்கு ஏழு மாத்திரை என்று கணக்குப் போடக் கூடாது. விமானம் தாமதமாகலாம், கப்பல் திரும்புவது தள்ளிப்போகலாம். நான்கைந்து நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். மாத்திரைகளைப் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டாமல், பெயர் தெரிகிற அட்டையோடு, டாக்டர் சீட்டோடு வைக்க வேண்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் முன்அனுமதி தேவைப்படலாம். அவற்றைச் சாப்பிடுபவர்கள் டிக்கெட் போட்ட அன்றே விசாரித்துவிட வேண்டும். இன்சுலின் ஒருபோதும் விமானத்தின் அடிவயிற்றுக்குப் போகும் பெட்டியில் கூடாது. உறைந்துபோனால் அதன் வீரியம் போய்விடும். ஊசி வைத்திருப்பதற்கு டாக்டர் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். கப்பல் அறையில் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜ் பல நேரம் குளிர்பானத்துக்கு மட்டுமே போதுமான குளிர்ச்சி தரும். இன்சுலின் வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால், அதற்கு வழி செய்து தருவார்கள்.

கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால், பில் டாலரில் வரும். பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பலும் அதில் சேருமா, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கும் செல்லுமா என்று கேட்டுவிட வேண்டும். பிள்ளைகள் பரிசு கொடுக்கும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் அப்பா அம்மா நிம்மதியாக இருப்பார்கள்.

குமட்டலுக்கும் ஒரு வார்த்தை. பெரிய கப்பல்கள் அவ்வளவாக ஆடாது. ஆனாலும், பஸ்ஸில் திண்டுக்கல் போவதற்குள் ஜன்னலோரம் கேட்பவர்கள், டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. கடல் தெரிகிற மேல் தளத்து அறைக்கு ஆசைப்படும் முன் இதை யோசிக்கலாம்.

டீப்பாயில் இருந்தவை

கடலில் தீப்பிடித்தால் ஓடி இறங்க இடமில்லை. கப்பல்காரர்கள் சூடாகிற எதைக் கண்டாலும் முகம் சுளிப்பது அதனால்தான். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, மெழுகுவத்தி, ஊதுவத்தி, கற்பூரம் எதற்கும் அனுமதி கிடையாது. பல கப்பல்களில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது. ஸ்கேனில் மாட்டினால் எடுத்து வைத்துவிடுவார்கள். காமாட்சி விளக்கை ஏற்றவும் முடியாது, வீட்டிலேயே இருக்கட்டும். சின்ன சாமி படமும் விபூதி, குங்குமமும் தாராளமாகப் போகலாம். விளக்கு இல்லாமல் மனசு கேட்காதவர்களுக்கு, பேட்டரியில் எரிகிற சின்ன விளக்கு கடைகளில் கிடைக்கிறது.

வீட்டில் சமைத்த சாப்பாட்டைக் கப்பலில் ஏற்ற விடுவதில்லை. முறுக்கு, பொடி வகை என்றால் கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால் பொதுவாகப் பிரச்னை வராது. கசகசா மட்டும் சிங்கப்பூருக்கு வேண்டவே வேண்டாம். நமக்கு அது குருமா சாமான். அங்கே போதைப்பொருள் சட்டத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். மெல்லும் புகையிலை, சூயிங்கம், இ-சிகரெட் எல்லாம் அங்கே தடை. யாரோ ஒருவர் “சிங்கப்பூர்ல எங்க மச்சான்கிட்ட குடுத்துருங்க” என்று ஒட்டிய பார்சலைக் கொண்டு வந்தால், பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பட்டா, சுங்குடியா?

கப்பல் நிறைய எடையை ஏற்கும், விமானம்தான் ஏற்காது. மதுரை விமான நிலையத்துத் தராசில் நிற்கப்போகிற எடையை வைத்துத்தான் துணி எடுக்க வேண்டும். அதோடு, சாதாரண கப்பல் அறை 150 முதல் 180 சதுர அடிதான். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டியிருக்கும்.

நான்கு பட்டு எதற்கு? இரவு விருந்துக்கு ஒன்று போதும். சாருக்குப் பட்டு வேட்டி சட்டை ஒன்று. கோட்டு சூட்டுக்கு அது ஒன்றும் குறைந்ததில்லை. மற்ற நாளுக்கு மதுரைச் சுங்குடி மாதிரி பொருத்தமான துணி கிடையாது. எடை குறைவு, உடம்புக்கு இதம், குளியலறைக் கொடியில் போட்டால் சீக்கிரம் காயும். மேல்தளத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்பதால் சேஃப்டி பின் டஜன் கணக்கில் வேண்டும். உள்ளே ஏசி குளிரும். ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ சின்னப் பையில் இருக்க வேண்டும்.

நீச்சல் குளத்தில் இறங்க ஆசையிருந்தால் அதற்கான உடை வாங்கித்தான் ஆக வேண்டும். நைட்டி, பருத்திச் சுடிதாரோடு இறங்க விட மாட்டார்கள். முழுக்கை, முழுக்கால் வைத்த நீச்சல் உடைகள் உண்டு என்பதால் கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டியதில்லை. கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலு கொண்டு போனால் தொப்பி, பை, ஈரத்துண்டு எல்லாம் தொங்கவிடலாம். நம் மூன்று முள் பிளக் அங்கே சொருகாது. ஒரு அடாப்டர் அவசியம்.

காகிதங்களில் ஒன்றே ஒன்று: கப்பல் வேறு நாடுகளுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறையாக நுழைவதாகக் கணக்கு. விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு, நகல் இரண்டு கையில் இருக்கட்டும். கரை மறைந்ததும் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் பேரனிடம் இரண்டு நிமிடம் பேசியதற்கு வருகிற பில் மாதப் பென்ஷனைப் பதம் பார்க்கும்.

கடைசி ராத்திரி

பெட்டியை இரண்டாவது முறை பிரிப்பது இறங்குவதற்கு முந்தைய இரவு. பெரிய பெட்டிகளைக் கட்டி, இரவு பத்து, பதினொரு மணிக்குள் அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் கரையில்தான் கண்ணில் படும். எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வெளியே வைத்துவிட்டு, காலையில் எழுந்து பார்த்தால் போட்டுக்கொள்ள செருப்புகூட இருக்காது. நைட்டியோடு இமிக்ரேஷன் வரிசையில் யோசித்தபடி நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம். காலை மாத்திரையும் அதே பெட்டியில் போயிருந்தால் கூடுதல் வினை.

பசுமலை வீட்டில் மகள் வீடியோ காலில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அம்மாவுக்கு வருத்தம்தான். “அப்ப உங்க தாத்தா கொண்டுபோன அந்தத் தகரப் பெட்டியே தேவல போலிருக்கே” என்றார். ஆனாலும், சூட்கேஸை மறுபடி பிரித்து, துண்டில் சுற்றிய மாத்திரைகளை எடுத்துத் தோள்பைக்கு மாற்றினார். சார் தன் பங்குக்கு ஒரு வேட்டியை மடித்து அதற்குமேல் வைத்தார். கெட்டில் அடுப்படிக்குத் திரும்பிவிட்டது. டீப்பாயில் இன்னும் புளிக்காய்ச்சல் பாட்டில் மட்டும் இருக்கிறது.