மரத்துக்குள் வைரம்

வைரம் என்றதும் மூக்குத்திதானே உங்கள் நினைவுக்கு வரும்? புதுவை முத்தியால்பேட்டைத் தச்சரைக் கேளுங்கள். அவருடைய வைரம் மரத்துக்குள் இருக்கிறது! முற்றிய மரத்தின் நடுவே நிறம் கறுத்து இறுகிய பாகம் அது. தளராத தாத்தாவை 'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறோமே, அந்த வைரம்தான். பழைய பெயர் காழ். உள்ளே காழ் உள்ளது மரம், வெளியே காழ் உள்ளது புல் என்கிறது தொல்காப்பியம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல்! பனையில் வெளிப்புறத்தைத்தான் கூரைச் சட்டமாக அறுக்கிறார்கள். நடுவில் இருப்பதோ மெத்தென்ற சோறு.

தேக்கில் வைரத்தைச் சுற்றியுள்ள வெளுத்த பாகம் வெளிறு. பூச்சி முதலில் அரிப்பது அதைத்தான். ஆகவே, பழைய வீட்டை இடிக்கும்போது தேக்கு நிலையை விறகு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள், அம்மா! ஓரத்தைச் சீவிப் பார்க்கச் சொல்லுங்கள். புது நிலை வாங்கினால், சாயம் பூசுமுன்பே பாருங்கள். சாயம் ஏறிவிட்டால் வெளிறு எது, வைரம் எது என்று தச்சரே திணறுவார்.